பிடிபடாத காளை

"எங்க பாட்டன் முப்பாட்டனெல்லாம் குரங்கா? இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குறீகளா?"

தாளாளர் மெய்யநாதனின் மேசையை ஓங்கித் தட்டினார் சேவுகப்பெருமாள். பெரிய நிலக்காரர். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தந்தவர் வேறு. மேசை ஆடியது. அதைவிட அதிகமாகத் தாளாளர் ஆடினார்.

"பரிணாமம், பத்தாம் வகுப்புப் பாடம் சார். பப்ளிக்ல கேள்வி வரும்" என்றார் அறிவியல் டீச்சர் வின்சி.

"அப்ப பிரான்மலைக் குரங்கு ஏன் இன்னும் குரங்காவே இருக்கு? சொல்லுங்க பாப்போம்!"

"அதுல இருந்து நாம வரலை சார். ரெண்டு பேருக்கும் ஆதியில ஒரே முன்னோர்..."

"பாத்தீகளா, இப்பப் பங்காளின்னே சொல்றாக! கடவுள் படைச்சது படைச்சபடி இருக்கும். எத்தனை தலைமுறை போனாலும் எதுவும் மாறாது."

தாளாளர் தீர்ப்பு சொன்னார். "டீச்சர், அந்தப் பாடத்தைப் பத்தி இனிமே நீங்க வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா வேலை இருக்காது."

வின்சிக்கு ஒரே கவலைதான். பிள்ளைகள் பரீட்சையில் எதை எழுதுவார்கள்? வாசல்வரை போனவர் சேவுகப்பெருமாளிடம் திரும்பினார்.

"சார், மஞ்சுவிரட்டுல உங்க காளையை யாராலயும் பிடிக்க முடியலையாமே. எங்க வகுப்புப் பிள்ளைக பாக்கணும்னு ஆசைப்படுறாக."

சேவுகப்பெருமாளின் கோபம் போன இடம் தெரியவில்லை. "நாளைக்கே கூட்டியாங்க!"

மறுநாள் அவர் தோப்பில் பத்தாம் வகுப்பே கூடி நின்றது. அவர் மகள் செந்தாமரையும் அதில் ஒருத்தி.

சேவுகப்பெருமாள் காளையின் திமிலைத் தடவிக்கொண்டே பேசினார். "இது சும்மா வந்த காளை இல்லத்தா. எங்க தாத்தா காலத்து மாட்டுக்கு இந்த ஓட்டம் கிடையாது. பிடிபட்ட காளையை அப்பவே வித்துருவோம். பிடிபடாததைத்தான் பசுவோட சேப்போம். அதோட கன்னுகள்லயும் அப்படியே பொறுக்கித்தான் சேப்போம். தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சங் கொஞ்சமா மாறி, இப்ப இப்படி நிக்குது!"

"அப்ப மாடு மாறுமாப்பா?" என்றாள் செந்தாமரை.

"பின்னே? மாறாம இருக்க அதென்ன கல்லா?"

பிள்ளைகள் விடாமல் எழுதிக்கொண்டார்கள்.

அப்போது தாளாளரிடமிருந்து போன்.

"டீச்சர், அந்தப் பாடத்தை எடுக்கலையே?"

"நான் வாயே திறக்கலை சார். சேவுகப்பெருமாள் சாரே முழுசா நடத்தி முடிச்சுட்டாக."