இரண்டு மூட்டு மாத்திரைகள்

வீரசோழன் கிராமத்தில் மீரான் பீவி வீட்டுப் பாயில் உட்கார்ந்து, மூட்டுவலி மாத்திரையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் தங்கச்செல்வி. ஜன்னல் கம்பி வழியே வெயில் கோடு கோடாக விழ, அவள் விற்கக் கொண்டுவந்த புது டப்பாவின் பச்சை மூடி மினுங்குகிறது. "எனக்கே மூணு மாசத்துல கேட்டுச்சுக்கா. இப்பல்லாம் மாடிப்படி தடதடன்னு ஏறுறேன்." தெருமுனையில் பாளையம்பட்டி பஸ்ஸு ஹாரன் அடிக்கிறது. எழப் பார்க்கிறாள். வலது முழங்கால் மடங்கியபடியே நிற்கிறது. பல்லைக் கடித்தும் வாயிலிருந்து 'உஸ்' என்று ஒரு சத்தம் தப்பிவிடுகிறது. புடவைக்குள்ளிருந்து வலித்தைலத்தின் வாடை மெல்ல எழுகிறது. "கால் மரத்துப்போச்சுக்கா" என்கிறாள், பாயைப் பார்த்தபடி.

மீரான் பீவி சுவரைப் பிடித்துப் பிடித்து அலமாரி வரைக்கும் போகிறாள். போன மாதம் இவளிடம் வாங்கிய டப்பாவிலிருந்து இரண்டு மாத்திரைகளை உதிர்த்து, தண்ணீரோடு நீட்டுகிறாள்.

"பஸ்ஸு பிடிக்கிற அவசரத்துல காலையில போட மறந்திருப்ப. இந்தா, போட்டுக்க. நீ சொன்னபடி நான் ஒருவேளையும் தவறவிடுறதில்ல, தாயி."

அந்த முகத்தில் கொஞ்சம் கேலி இருந்திருந்தால்கூடத் தேவலை. தங்கச்செல்வி தலை நிமிராமல் வாங்கி, அந்த மாத்திரையை முதன்முதலாக விழுங்குகிறாள்.