வாய்க்கால் இல்லாத வரைபடம்

“கையை எடும்மா. தாள் நனையுது” என்றார் நகராட்சிப் பொறியாளர்.

அவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் ஓரத்தில் அவளுடைய உள்ளங்கை வேர்வை அப்படியே பதிந்திருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த முதலாளி அவளை ஒரு முறை முறைத்தார்.

ஊருக்கு வெளியே அவர் வாங்கிப் போட்டிருந்த நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரிக்க அனுமதி வேண்டும். சாலை, வடிகால், குடிநீர்க் குழாய் என்று அத்தனை வரைபடங்களையும் போட்டது அவள்தான். இன்றைக்கு முத்திரை விழாவிட்டால் நாளையிலிருந்து ஆபீஸ் பக்கமே வரவேண்டாம் என்று காரில் வரும்போதே சொல்லிவிட்டார் முதலாளி. சொன்னால் செய்கிற ஆள். அவள் வீட்டிலோ அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

விஷயம் இதுதான். அந்த நிலத்தின் குறுக்கே ஒரு வாய்க்கால் போகிறது. வெயில் காலத்தில் பார்த்தால் வெறும் பள்ளம். மழை பிடித்துக்கொண்டால் மேட்டுத் தண்ணீர் மொத்தமும் அதில்தான் இறங்கும். அதை ஒதுக்கிவிட்டு மனை பிரித்தால் ஏழெட்டு மனை கைவிட்டுப் போய்விடும்.

“அது வாய்க்காலே இல்லம்மா. நாலு லாரி மண்ணைக் கொட்டினா மேடு. அதைக் காட்டற நீலக்கோடு ஒரு தாள்லயும் இருக்கக் கூடாது” என்று போன வாரமே முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

“அங்க வீடு கட்டறவங்க, சார்...” என்று இழுத்தாள் அவள்.

“அவங்க கட்டட்டும். நீ கோட்டை எடு.”

எடுத்தாள். முதலாளிக்கு வரைபடம் படிக்க வராது. நிலம் வாங்கவும் விற்கவும்தான் வரும். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, எங்கேயும் நீலம் இல்லை என்று பார்த்த பிறகுதான் மனிதருக்கு மூச்சு வந்தது.

பொறியாளருக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு கால் உடைந்து நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சாலைத் தாளைப் பார்த்தார். “ம்” என்றார். குழாய்த் தாளுக்கும் ஒரு “ம்” கிடைத்தது. வடிகால் தாளில் மட்டும் கொஞ்சம் நின்றார்.

“மழைத்தண்ணி எங்க போகுது?”

“தெரு ஓரக் கால்வாய்ல விழுந்து நேரா மெயின் ரோட்டுக்குப் போயிடும், சார்” என்று முந்திக்கொண்டார் முதலாளி.

“நான் வரைஞ்சவங்களைக் கேட்டேன்.”

“வரைஞ்சபடி அப்படித்தான், சார்” என்றாள் அவள்.

அவர் தலையாட்டிவிட்டு இடது கையால் முத்திரைக் கட்டையை மைப்பெட்டியில் ஒத்தினார். வலது கை தாளைப் புரட்டியது. அவள் மார்பு திக்திக்கென்று அடித்துக்கொண்டது.

“சார், ரெண்டு தாள் சேர்ந்து புரண்டிடுச்சு.”

முதலாளி பல்லைக் கடித்தார். பயம் வந்தால் சிலருக்கு வாய் சும்மா இருக்காதே, அந்த ரகம்தான் இவளும் என்று நினைத்துக்கொண்டார்.

பொறியாளர் ஒட்டியிருந்த தாளைப் பிரித்தார். நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டும் லெவல் தாள் அது. அதில் முடி போல மெல்லிய பழுப்புக் கோடுகள் வரிசையாக ஓடின. அடுத்த தாளுக்குப் போகத் தூக்கிய கை பாதியில் நின்றது.

குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒழுங்காக வந்துகொண்டிருந்த கோடுகள் ஓரிடத்தில் எல்லாமே முழங்கை போல மடங்கியிருந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, நிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். அப்படி மடங்கினால் அங்கே தண்ணீர் ஓடித் தரையை அறுத்திருக்கிறது என்று இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும்.

“இங்க என்ன ஓடுது?”

“ஒண்ணும் ஓடல, சார். சும்மா ஒரு பள்ளம்” என்றார் முதலாளி.

“சும்மா இருக்கிற பள்ளம் இவ்வளவு தூரம் நடந்து போகுமா?”

முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார். மடங்கிய இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு மனைகளின் நடுவயிற்றில் பாய்ந்து போயிற்று.

“குடிவர்றவங்க படகு வாங்கிட்டுத்தான் வரணும். வாய்க்காலைக் காட்டுங்க, அதை விட்டுட்டு மனையைப் பிரிச்சு எடுத்துட்டு வாங்க. நானே நேர்ல வந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்” என்று வரைபடங்களைத் திருப்பித் தள்ளினார்.

முதலாளி எழுந்தார். முகம் கறுத்திருந்தது.

“ஒரு வாய்க்காலை ஒழுங்கா அழிக்கத் துப்பில்ல. நாளைக்கு நீ வரவேண்டாம்” என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியேறினார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை விரல்கள் இன்னும் நடுங்கின. பொறியாளருக்குப் பாவமாக இருந்தது. தன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

“குடிம்மா. அந்த ஆள் சொல்லித்தான் செஞ்சிருப்ப, எனக்குத் தெரியாதா? உன் கெட்ட நேரம், இந்த ஒரு தாளைச் சரிபண்ண மறந்துட்ட. என் கண்ணுல பட்டுடுச்சு. அதுக்குப் போய் வந்ததிலேர்ந்து இப்படியா நடுங்கறது?”

அவள் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள்.

“மறக்கல, சார். நீங்க பாக்காம விட்டுடுவீங்களோன்னுதான் நடுங்கினேன்.”