இன்னும் நாற்பது பக்கம்

செமினாருக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. ஆங்கில இலக்கியம் படிக்கும் தெய்வானை, டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே அன்று வகுப்பில் அவள் பேச வேண்டிய ஒரு பழைய அமெரிக்க நாவலைப் படித்துக்கொண்டு வந்தாள். திடீரென்று, "ஐயோ, ஏறாதடி!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள்.

"யாரு தாயி ஏறக் கூடாது?" என்று பக்கத்தில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாள் பதறினாள்.

தெய்வானை வெட்கத்தோடு கதையைச் சொன்னாள். பன்னிரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத கணவனை விட்டுவிட்டு, ஒருத்தி ரயிலேற நிற்கிறாள்.

"பேசாதவன்கூட என்ன குடும்பம்? ஏறச் சொல்லு!" என்றாள் மீன்கார அம்மாள்.

"அவன் மனசுல என்ன இருந்துச்சோ?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கல்லூரி நிறுத்தம் வந்ததும் கண்டக்டர் வழியை மறித்தார். "ஏறினாளா இல்லையா? சொல்லிட்டு இறங்கும்மா."

"இன்னும் நாப்பது பக்கம் இருக்குண்ணே!"

பஸ் சண்டையோடு கிளம்பிப் போனது. தெய்வானை சிரித்துக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தாள். மனப்பாடம் செய்திருந்த நோட்ஸை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவ ரயில் ஏறலாமா, கூடாதா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

முதலில் கையைத் தூக்கியவர் பேராசிரியைதான்.