இரண்டு பேர் நின்ற தட்டு

"இது ஒரு ஆள் நின்னு விழுந்த விரிசல் இல்ல" என்றார் ரிபேர்க்காரர் கிளெட். கேரவன் வண்டிக்குள் குப்புறப் படுத்திருந்தார். தலை குளியலறைக்குள், பூட்ஸ் கால் வெளிவாசல் படியில்.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த ஈவன் குனிந்தான். "அப்படின்னா?"

"அப்படின்னா ரெண்டு ஆள். ஒருத்தர் மட்டும்னா ஷவருக்கு நேரா, நின்னு குளிக்கிற இந்த பிளாஸ்டிக் தட்டுக்கு நடுவுல நிப்பாங்க. அங்க அடியில முட்டுக் கொடுத்திருக்கு. இது ரெண்டு ஓரத்துலயும் கீறியிருக்கு பாரு. ஓரத்துக்கு அடியில ஒண்ணுமே கிடையாது, வெறும் காத்து. ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்னாத்தான் இப்படி ஆகும்."

சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். "இந்த வயசுலயும் உங்க ரெண்டு பேருக்கும் விளையாட்டுத்தான்!"

இந்த ரிபேர்க்காரர்களே இப்படித்தான். கேட்டதைச் செய்யமாட்டார்கள், கேட்காததைச் சொல்வார்கள்.

ஈவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குளியலறையில் அவன் ஒருவன் நுழைந்தாலே சுவரில் முழங்கை இடிக்கும். அவனும் மனைவி நெரிஸும் சேர்ந்து அதில் ஒருநாளும் நின்றதில்லை.

வண்டி நிற்பது மாமனார் எம்ரிஸின் முற்றத்தில். ஈவன் குடியிருக்கும் தெருவில் சைக்கிள் நிறுத்தவும் இடமில்லை. காவல் காப்பது, பேட்டரி செத்துப்போகாமல் அவ்வப்போது எடுத்து ஓட்டி வைப்பது எல்லாம் கிழவர்தான். அதற்குக் கூலியாக வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்வார். சர்ச் சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை டிவி மேல் துணியைப் போட்டு மூடிவைக்கிற ஆள்.

ஈவன் நேராகச் சமையலறைக்குப் போனான். அப்பாவும் மகளும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நெரிஸ், பாட்டுப் போட்டிக்கு இந்த வண்டியிலதான போன?"

"ஆமா."

"கூட யாரு?"

"பாட்டுக் கோஷ்டி முழுக்க வந்துச்சு. அவங்கள்லாம் ஹோட்டல்ல தங்கினாங்க, நான் வண்டியில. ஏன்?"

"மைரிக்கும் ஹோட்டல்லதான் தங்கினானா?"

மைரிக் அந்தக் கோஷ்டியை நடத்துகிறவன். நெரிஸ் டீயைத் துப்பிவிடாமல் சமாளித்தாள். "மைரிக்கா? அவன் ஹோட்டல்லயே குளிக்கிற ஆள் இல்ல. பக்கத்துல நின்னு பாடிப் பாரு, தெரியும்."

ஈவன் விரிசல் கதையைச் சொன்னான். அவள் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஓ, ரெண்டு பேரா? சரி, நீ இதே வண்டியில ரக்பி மேட்ச் பார்க்க கார்டிஃப் போனியே. அப்ப உன் பக்கத்துல நின்னது யாரு?"

"நான் தனியாத்தான் போனேன்!"

"தனியா போனவனுக்கு எதுக்கு ரெண்டு துண்டு?"

"ஒண்ணு உடம்புக்கு. ஒண்ணு தலைக்கு."

"இருக்கிற நாலு முடிக்கு ஒரு துண்டா!"

எம்ரிஸ் கோப்பையை ணங்கென்று வைத்தார். "போதும். இது தேவனுக்குப் பயந்த வீடு. இங்க உக்காந்து பேசற பேச்சா இது?" எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். "ஏப்பா கிளெட்! உன்கிட்ட ஒட்டச் சொன்னோம், ஆராய்ச்சி பண்ணச் சொல்லல. பசையைத் தடவிட்டுக் கிளம்பு."

"வெறும் பசை நிக்காதுங்க ஐயா" என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அடியில இறுகிக் கல்லாகிற நுரை அடிச்சு முட்டுக் கொடுக்கணும். இல்லன்னா அடுத்த தடவை ரெண்டு பேரும் சோப்போட ரோட்டுல இறங்கிடுவாங்க!"

கிழவர் ஜன்னலைப் படாரென்று சாத்தினார்.

நெரிஸ் இப்போது சிரிக்கவில்லை. "ஈவன், விளையாட்டு போதும். நிஜமாவே என்னைச் சந்தேகப்படறியா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை ஈவன் விட்டுவிட்டான். மனுஷன் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில்தான் திறக்கமாட்டான்.

வீட்டுச் சாவியை மேஜை மேல் அவன் பக்கம் தள்ளினாள். "நீ வீட்டுக்குப் போ. நான் வரல. அப்பா, மாடி ரூம்ல எனக்குப் படுக்கை போடுங்க."

"இன்னைக்கு ராத்திரிக்கா?" என்றார் எம்ரிஸ்.

"இனிமே இங்கதான்."

"இங்கயேவா?" கிழவர் குரல் கீச்சென்றது.

"வேற எங்க போவேன்?"

ஈவன் சாவியை எடுக்கவில்லை. பதினேழு வருஷத்துக் குடித்தனம், ஒரு பிளாஸ்டிக் தட்டால் விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. நெரிஸ் மாடிப்படியில் ஏற ஆரம்பித்தாள்.

"நெரிஸ், கீழ இறங்கு" என்றார் எம்ரிஸ். "மாப்பிள்ளை, நீயும் உக்காரு. அவ மேல தப்பு இல்ல. உன் மேலயும் இல்ல."

"அது எப்படி மாமா உங்களுக்குத் தெரியும்?"

எம்ரிஸ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை. இரண்டு காதும் சிவந்துபோயிருந்தன.

"வண்டித் தொட்டியில ஒரு ஆளுக்குத்தான் தண்ணி இருந்துச்சு, சர்ச்ல ஆர்கன் வாசிக்கிற ஆல்வென் அம்மாவும் குளிக்க வேண்டாமா?"