விட்டுப்போன பத்துக் குழாய்

காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்த மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், அவளோடு ஒரே ஆய்வகத்தில் வேலை செய்யும் கணவர்.

“குளத்துத் தண்ணி பிடிச்சு வச்ச சோதனைக் குழாய்ல பத்துக்கு நீ கிளிசரால் ஊத்த மறந்துட்டே. அப்படியே உறைஞ்சிருந்தா நுண்ணுயிரெல்லாம் வெடிச்சு, அதுங்க மரபணுவுல பாதிகூடத் தேறியிருக்காது. நானே ஊத்தி ஃப்ரீசர்ல வச்சுட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடல.”

“பத்துக்குமா?”

“ஒண்ணு விடாம.”

அவள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். போர்வை குலுங்கியது.

“எதுக்கு இப்ப அழறே?”

“சிரிக்கிறேன். கிளிசரால் இல்லேன்னா எவ்வளவு பாழாகுதுன்னு பாக்கத்தான் அந்தப் பத்தையும் வெறுமனே விட்டிருந்தேன்.”

அவர் முகம் தொங்கிப்போயிற்று.

“காய்ச்சல் விட்டதும் மறுபடி குளத்துக்குப் போலாம். வாளியை நீங்க தூக்குங்க. குழாய்ப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க.”