பதினேழாவது கையெழுத்து

கிராமசபையை யாரும் நம்புவதில்லை என்பதால், புதிய தலைவி மரகதவல்லி போன கூட்டத்துக் கையெழுத்துகளைக் காட்டி, அவரவர் போட்டதுதானா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பதினேழாவது சடையாண்டியுடையது. அவர் அந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லை. பெயருக்குக் கீழே கோடு இழுப்பது மகன் கதிரவேலின் பழக்கம்; அப்பா பெயரில் போட்டவன் அவன்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. அவன் எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

“பெரியப்பா, நீங்க போட்டதா? ஒண்ணு பொய்னாலும் குளத்தை மூடுற தீர்மானத்தை ரத்து பண்ணிடலாம்.”

“அந்த வீட்டுல பொய் ஏதும்மா? அவர் சொல்லட்டும், ஊரே ஒத்துக்கும்” என்றான் பின்னாலிருந்த தவசி.

சடையாண்டிக்கு மகன்மேல் கோபம்கூட வரவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“என்னுதுதான்.”

பதினெட்டாவது தவசியுடையது. அவனும் அன்று ஊரில் இல்லை. சடையாண்டியின் நிமிர்ந்த முதுகைப் பார்த்தான்.

“என்னுதும்தான்” என்றான்.