ஜன்னலோரத்து நச்சுக்கொடி

“பெரியவரே! உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?”

மாடி வீட்டு டீச்சரின் குரல் அவருக்கு முன்னால் அறைக்குள் நுழைந்தது. கையில், ஊதாப் பூக்களோடு வாடத் தொடங்கியிருந்த ஒரு கொடி. பின்னாலேயே செடி வெட்டும் கத்தரியும் கையுமாகப் பெரியவர் வந்து நின்றார்.

கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவரின் அக்காவும், அக்காவின் இரண்டு மகள்களும். கட்டிலில் படுத்திருந்த பெரியவரின் மருமகளிடம் அவர்கள் அதுவரை நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நலத்தைவிட விசாரணைதான் அதிகம்.

“ஏழு மாச வயித்தோட எவளாவது ஆபீஸுக்கு ஓடுவாளா?”

“பஸ்ல போகாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?”

“இப்ப பாரு, பிரஷர்ல கொண்டுவந்து விட்டிருக்கு.”

மருமகள் போர்வை ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரஷர் இன்னும் ஏறினால் குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமியார் இல்லாத வீடு. கணவன் வேலைக்குப் போயிருந்தான்.

“என்னடா பண்ணித் தொலைச்சே?” என்றார் அக்கா.

“ஜன்னல்ல தொங்கின கொடியை வெட்டிட்டேங்கா.”

“மூணு வருஷமா பிள்ளை மாதிரி வளர்த்தேன். கொலைகாரன்!” என்றார் டீச்சர்.

“நான் என்னம்மா செய்ய? நச்சுக்கொடியாலதான் பிரஷர்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. இந்த வீட்டுல இருக்கறது ரெண்டே கொடி. ஒண்ணு துணி காயப்போடறது. அப்ப எதை வெட்டுவேன்?”

மூவரும் கொடியையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அக்காதான் முதலில் வெடித்தார். சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. “அட கூறுகெட்டவனே!” மகள்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். டீச்சர் கொடியைத் தரையில் வீசிவிட்டு விருட்டென்று வெளியேறினார்.

மருமகளுக்கும் அடக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ மாமா! நச்சுக்கொடி என் வயித்துக்குள்ள இருக்கு. குழந்தைக்குச் சாப்பாடு, ஆக்சிஜன் எல்லாம் அது வழியாத்தான் போகுது.”

“நல்ல கொடிதானே? அது ஏன் பிரஷரை ஏத்துது?”

“அதுக்கே ஆக்சிஜன் பத்தலை மாமா. ஆரம்ப மாசத்துலயே அதுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ங்க அகலமாகணும். எனக்குச் சரியா ஆகலை. கொடிக்கு மூச்சு முட்டுது. அந்தத் தவிப்புல என் ரத்தத்துல என்னென்னத்தையோ கலந்துவிடுது. அதுலதான் பிரஷர்.”

“நீ பஸ்ல போனதால குழாய் அகலமாகலையா?”

“இல்லை மாமா.”

“ஆபீஸ் போனதால?”

“அதுவும் இல்லை. நான் பண்ணின எதுவும் காரணம் இல்லைன்னு டாக்டர் சொன்னாங்களே. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?”

“காது மந்தம்மா. சத்தமா சொல்லு.”

“நான் பண்ணின எதுவும் காரணம் இல்லை!”

தெருமுனை வரை கேட்டிருக்கும். சொல்லி முடித்தவள், அதைத் தானே இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டதுபோல், பிடித்திருந்த போர்வை நூலைக் கைவிட்டாள்.

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மருமகளின் முதுகில் தலையணையைச் சரிசெய்து வைத்தார்.

“இவனை வெச்சுக்கிட்டு எப்படித்தான் சமாளிக்கிறியோ, பாவம்!” என்றவர் தம்பி பக்கம் திரும்பினார். “டேய், முதல்ல மாடிக்குப் போய் அந்தம்மா கால்ல கையில விழுந்து மன்னிப்பு கேளு.”

வந்தவர்கள் வாசல் தாண்டும் வரை சிரித்துக்கொண்டே போனார்கள்.

மாலையில் பிரஷர் பார்த்தபோது ஏறவில்லை. அது மாத்திரையின் வேலை. ஆனால் மருமகள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதன் பிறகே பெரியவர் மாடி ஏறிக் கதவைத் தட்டினார். தொண்டையைத் தடவிக்கொண்டே டீச்சர் திறந்தார்.

“கத்தினது போதுமா அண்ணா?”

“பிரமாதம்மா. கொலைகாரன்னதுதான் கொஞ்சம் அதிகப்படி.”

“நீங்க சொல்லிக்கொடுத்ததையே ஒப்பிச்சா நிஜம் மாதிரி இருக்குமா? அது போகட்டும், நாளைக்கு யார் வர்றாங்க?”

“அவளோட அம்மா வழிச் சொந்தம். ஏழு பேர்.”

டீச்சர் பால்கனியைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“மணிபிளான்ட் ஒண்ணு மிச்சமிருக்கு. ஜன்னல் பக்கமா இறக்கிவிடறேன், வெட்டிடுங்க.”